ஒரு பால்குடம் பாக்கி

தைப்பூசத்தன்று என் தாத்தா பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏற மாட்டார். வாட்டர்ஃபால் ரோட்டு ஓரம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில், பாட்டியின் ரப்பர் செருப்பைப் பழைய தமிழ் நேசனில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். பாட்டி மஞ்சள் சேலையோடு பால்குடம் தூக்கிக்கொண்டு மேலே போய், அபிஷேகம் முடிந்து, கூட்டத்தில் நசுங்கி இறங்கி வர நாலு மணி நேரம் ஆனாலும் அதே மரம், அதே இடம். வந்ததும் பேப்பரைப் பிரித்துச் செருப்பைக் கீழே போடுவார். பாட்டி மாட்டிக்கொண்டதும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸுக்கு நடப்பார்கள். அங்கிருந்து ஃபெர்ரி பிடித்து பட்டர்வொர்த். எல்லா வீட்டிலும் தாத்தாக்களுக்கு இதுதான் வேலை என்று ஏழெட்டு வயது வரை நினைத்திருந்தேன்.

1943-இல் தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தோட்டப்புறத்தில் ‘சயாமுக்குப் போனவங்க’ என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் குடைந்து போட்ட ரயில் பாதை அது. 415 கிலோமீட்டர். 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரண்டு முனையையும் இணைத்துவிட்டார்கள். அந்த அவசரத்துக்குத் தீனியாகப் போனவர்களில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் உண்டு, மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன தமிழர்களும் உண்டு. முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், மூன்று மாத ஒப்பந்தம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பி வராததைப் பார்த்து ஆட்கள் மறுக்க ஆரம்பித்ததும் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் பேர்ப்பட்டியல் கேட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனதாகவும் அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். தாத்தாவின் பேர் பட்டியலில் இருந்தது. பாட்டியின் தம்பி பேரும் இருந்தது. ஒரே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஆட்கள், ஒரே கூட்ஸ் பெட்டியில் ஏறினார்கள்.

பாட்டிக்கு அப்போது இருபத்தொன்று. இடுப்பில் ஒரு பிள்ளை. அவர் செய்த முதல் காரியம் தண்ணீர்மலையானுக்கு வேண்டிக்கொண்டது. இரண்டு பேரும் உயிரோடு திரும்பினால் சாகும் வரை ஆண்டுக்கு இரண்டு பால்குடம். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டுக்கு மரவள்ளிக் கிழங்குகூட ஒழுங்காகக் கிடைக்காத நாளில் பால் எங்கிருந்து வரும் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

1946 தொடக்கத்தில் தாத்தா வந்தார். இடது கெண்டைக்காலில் ஒரு பிடி சதை இல்லாமல் வந்தார். புண் வைத்து, அழுகி, சுரண்டி எடுத்த இடம். நான் பார்க்கும்போது அது கருகின பிளாஸ்டிக் மாதிரி பளபளவென்று இருக்கும். தம்பி வரவில்லை. “வேற கேம்புக்குக் கொண்டு போயிட்டானுங்க, தெரியல” என்றுதான் தாத்தா பாட்டியிடம் சொன்னார்.

அடுத்த தைப்பூசத்துக்குப் பாட்டி ஒரு குடம் எடுத்தார். இன்னொன்று எங்கே என்று யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எங்கள் குடும்பத்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. “ஒண்ணு குடுத்தான், ஒண்ணு எடுக்குறேன். இன்னொண்ணு பாக்கி. அவன் குடுக்கட்டும், நான் எடுக்குறேன்.” இடியாப்பம் அவித்து வீடு வீடாக விற்ற பெண். கடன் கணக்கைச் சாமியிடமும் தளர்த்த மாட்டார். நான் பார்த்தவரை எவ்வளவு முடியாமல் போனாலும் அந்த ஒரு குடம் நின்றதில்லை. இரண்டாவது குடம் கடைசி வரை பாக்கியாகவே கிடந்தது.

பக்தி என்றதும் உருகுவது, கண்ணீர் விடுவது, சரணடைவது என்றுதான் சொற்பொழிவில் கேட்கிறோம். பாட்டியிடம் அதெல்லாம் குறைவு. பூசை அறையில் அவர் முருகனைத் திட்டுவதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். தரவேண்டியதைத் தராமல் இழுத்தடிக்கிற ஆளைத் திட்டுவோமே, அப்படி. ஆனால் அந்தத் திட்டுதான் அவரை நிறுத்தி வைத்தது என்று இப்போது படுகிறது. திட்டுவதற்கு எதிரில் ஒருவன் இருந்தான். கணக்கு முடியாததால் உறவும் முடியவில்லை.

2014-இல் ஹாட்யாய் வழியாகத் தாய்லாந்தின் காஞ்சனாபுரி போனேன். ஊர் நடுவிலேயே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர். புல்லை அளந்து வெட்டி, ஒவ்வொரு தகட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பூச்செடி. அதில் இரண்டு குழிகள் என் காலைக் கட்டிப்போட்டன. 1943 மே, ஜூனில் நீக்கே முகாமில் பெரும்பாலும் காலராவில் செத்து, சேர்த்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் அந்த இரண்டு குழிகளில் இருக்கிறது. சாம்பலில் யார் யார் என்று பிரிக்க முடியாது. ஆனாலும் 300 பேரின் பேரையும் தகட்டில் பொறித்து மண்டபத்தில் பதித்திருக்கிறார்கள். மொத்தப் பாதையிலும் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்று கணக்குச் சொல்ல முடிகிறது. அவர்களிடம் பட்டாளத்து டாக்டர் இருந்தார், பதிவேடு இருந்தது, புதைக்கும்போது ஜெபம் சொல்லப் பாதிரியார் இருந்தார்.

ஆசியக் கூலிகள் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எண்ணிக்கையில்தான் ஆளுக்கு ஒரு கணக்கு. எழுதி வைக்க ஆள் இருந்தால்தானே? தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று சொல்லக்கூட நம்மாட்கள் முகாமில் ஆள் கிடையாது. தேவாரம் பாடி அனுப்ப ஓர் ஓதுவார் இல்லை, கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை, எட்டாம் துக்கம் இல்லை, கருமாதி இல்லை. நான் அந்தப் புல்தரையில் நின்றுகொண்டு பொறாமைப்பட்டேன். செத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது அசிங்கம்தான். ஆனாலும் பட்டேன்.

கோயில் மண்டபத்தில் ஒருமுறை, 1980 வாக்கில் இருக்கும், ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அப்பர் கதை சொன்னார். பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தும் வாடாமல் வந்தது, யானை மிதிக்காமல் வலம் வந்தது, கல்லைக் கட்டிக் கடலில் போட்டும் மிதந்து கரை சேர்ந்தது. நம்பிக்கை உள்ளவனுக்குத் துன்பம் இல்லை, துன்பப்படுகிறவன் முன்வினையை அனுபவிக்கிறான் என்று முடித்தார். அன்னதானத்துக்காக வெளியே உட்கார்ந்திருந்த தாத்தா அதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “அவரு ஒத்த ஆளு. நாங்க ரயில் ரயிலா போனோம்.”

(அப்பர் கதை வரும் பெரியபுராணத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. மதுரையில் சமணர்கள் கழுவேறிய கதை. அவர்களும் எதையோ நம்பித்தானே ஏறியிருப்பார்கள்? அதை யாரும் சொற்பொழிவுக்கு எடுப்பதில்லை.)

முன்வினை என்ற விளக்கத்தின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. கங்காணியும் கிராணியும் ஜப்பான்காரனும் செய்ததை, செத்தவன் தலையிலேயே எழுதிவிடுகிற விளக்கம் அது. எங்கள் லயத்துக் கோயில் மாரியம்மன் அந்த மாதிரி பேசியவள் இல்லை. அம்மை போட்டால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்போம். நோயும் அவளே, வேப்பிலையும் அவளே. அவளைக் கும்பிடுகிறவன், எனக்கு ஒன்றும் வராது என்று எண்ணிக் கும்பிடுவதில்லை. வந்தால் சீக்கிரம் இறங்கிப் போ தாயே என்றுதான் கேட்கிறான். காப்பாற்றுவதாக வாக்கே கொடுக்காத சாமியிடம் ஏமாறுவது கஷ்டம். சயாம் முகாமில் முதலில் வாந்திபேதி வந்தபோது வேப்பமரம் தேடிக் காட்டுக்குள் போன ஆட்கள் இருந்தார்கள் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். கிடைக்கவில்லை. ஏதோ ஒரு மரத்துக் குழையைக் கட்டினார்களாம்.

இப்போது 1988-க்கு வருகிறேன். தாத்தா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். எனக்கு இருபது வயது, படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். ராத்திரி அவருக்குக் காவல் நான்தான். பட்டர்வொர்த் ஸ்டேஷனில் வண்டி ஊதுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஊதும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். திரும்பி வந்த பிறகு அவர் ரயிலில் ஏறியதே இல்லை. ஈப்போவில் நடந்த என் அம்மா கல்யாணத்துக்குக்கூட எல்லோரும் ரயிலில் போக, அவர் மட்டும் பஸ் மாறி மாறிப் போனார். அன்றைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். கேட்காமலே சொன்னார்.

“ஒங்க பாட்டி தம்பி வேற கேம்புக்குப் போகல. என்கூடத்தான் இருந்தான். வாந்திபேதி. காலையில மம்பட்டி பிடிச்சவன் சாயங்காலம் சுருண்டுட்டான். பொணம் தூக்குறதுக்குன்னு எங்கள அஞ்சு பேர ஒதுக்கி வெச்சிருந்தானுங்க. மூங்கில்ல படுக்க வெச்சித் தூக்கிட்டுப் போயி நெருப்புல போடணும். அவனையும் நான்தான் தூக்குனேன். ஒடம்பு சில்லுன்னு இருந்துச்சி. ஆனா வாந்திபேதி வந்தா உசிரோட இருக்கும்போதே அப்படித்தான் சில்லுன்னு இருக்கும்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் எச்சில் வழியும், துடைத்துவிட்டேன்.

“வெரலு அசஞ்ச மாதிரி இருந்துச்சி. தூக்குற ஆட்டத்துல அசஞ்சிச்சா, அவனா அசச்சானா, தெரியல. பின்னாடி ஜப்பான்காரன் நின்னான்.”

பிறகுதான் நான் அத்தனை வருஷமாகக் கேட்க நினைத்ததற்கு அவரே பதில் சொன்னார். “சாமி இல்லேன்னு நான் என்னைக்கும் சொன்னதில்லம்மா. மேல போனா அவன் கேப்பான்ல?”

அந்த ‘அவன்’ முருகனா, மச்சானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். “பாட்டிகிட்ட சொல்லாத” என்றார். சொல்லவில்லை.

நாத்திகர் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்த மனிதர். எங்கள் மாமா ஒருவர் அவரைப் ‘பெரியார் கட்சி’ என்றே கிண்டல் செய்வார். அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். சாமி இல்லை என்ற நினைப்பில் ஒருவன் கோயிலுக்குப் போகாமல் இருக்கலாம். சாமி இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்ததாலும் போகாமல் இருக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நம்பிக்கை அவரைக் கைவிட்டதா? கைவிட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அது விடாமல் பிடித்துக்கொண்டுதான் அவரை மரத்தடியிலேயே நிறுத்தி வைத்தது.

பாட்டியிடம் சொல்லியிருந்தால் கணக்கு அன்றோடு முடிந்திருக்கும். முருகன் தரவில்லை, தரப்போவதும் இல்லை. பாக்கி என்ற சொல்லே போயிருக்கும். அதைத் தெரிந்துதான் தாத்தா வாயை மூடிக்கொண்டார் என்று வைத்துக்கொண்டால், வீட்டிலேயே சாமி கும்பிடாத ஒருவர்தான் பாட்டியின் சாமியைக் காப்பாற்றிக்கொடுத்தார். இப்படிச் சொல்ல எனக்கே பிடித்திருக்கிறது. ஆனால் இதை இதோடு நிறுத்தினால் பொய்.

ஏனென்றால் சின்னப் பாட்டி என்று ஒருத்தி இருந்தார். அந்தத் தம்பியின் மனைவி. கல்யாணம் ஆகி ஒரு வருஷத்தில் புருஷன் சயாமுக்குப் போனபோது அவருக்குப் பத்தொன்பது. சாவுச் செய்தி இல்லை, ஆகவே தாலி இறங்கவில்லை. பூவும் பொட்டுமாகவே இருந்தார். இருக்கிறானா இல்லையா என்று தெரியாத புருஷனுக்காக வெள்ளிக்கிழமை விரதம். இரண்டு பேர் பெண் கேட்டு வந்தார்கள் என்று அம்மா சொல்வார். ‘புருஷன் இருக்கான்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். 1974-இல் செத்தபோது சுமங்கலியாகவே குளிப்பாட்டி, மஞ்சள் பூசி அனுப்பினார்கள். அந்தத் தோட்டங்களில் அவர் மாதிரி எத்தனையோ பெண்கள். தாத்தா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு இன்னொரு வாழ்க்கை இருந்திருக்கும். ஒருத்தியின் நம்பிக்கையைக் காத்த அதே மௌனம் இன்னொருத்தியை முப்பது வருஷம் கட்டிப்போட்டது. இதில் தாத்தா செய்தது தப்பு. அவர்மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அது தப்பு.

தாத்தா 1989-இல் போனார். பதினாறாம் நாள் படையலில் பாட்டி இரண்டு இலை போட்டார். ஒன்றில் தாத்தாவுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல், சுருட்டு எல்லாம். இன்னொன்றில் வெறும் சோறு, பருப்பு, ஒரு வாழைப்பழம். இது யாருக்கு என்று அத்தை கேட்டார். “சும்மா இருக்கட்டும்” என்றார் பாட்டி. நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த தைப்பூசத்துக்கு வழக்கம்போல ஒரு குடம் எடுத்தார். பாக்கி பாக்கியாகவே இருந்தது. 2003 வரை.

கோலாலம்பூரில் நான் குடியிருக்கும் செந்தூல் பக்கத்தில் தோசை மாவு அரைத்து விற்கிற ஓர் அக்கா இருக்கிறார். முல்லைத்தீவு. கையில் யூஎன் கார்டு மட்டும்தான். மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத நாடு, ஆகவே அந்த அட்டையை வைத்துக்கொண்டு சட்டப்படி வேலை செய்ய முடியாது. யாராவது கதவைப் பலமாகத் தட்டினால் மாவுப் பானையை முதலில் மறைப்பார். ஒவ்வொரு மே 18-ஆம் தேதியும் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து தருவார். 2009-இல் முள்ளிவாய்க்காலில் கிடைத்தது அதுதான்.

அவர் கும்பிடுவது வற்றாப்பளைக் கண்ணகியை. கடல்நீரில் விளக்கெரியும் கோயில். வைகாசிப் பொங்கல் பெரிய விசேஷம். முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் கிடந்தபோது நந்திக்கடலுக்கு அந்தக் கரையில்தான் அந்தக் கோயில். “கும்பிட்டுக்கொண்டுதான் ஓடினனாங்கள். கும்பிட்டவன், கும்பிடாதவன் எண்டு பாத்து ஷெல் விழேல்லை” என்றார் ஒருநாள், மாவை அளந்துகொண்டே. ஆனால் அவர் அறையில் கண்ணகி படமும் விளக்கும் இருக்கின்றன. கேட்டேன். “விளக்கு வைக்கிறன். கேக்கிறதை விட்டிட்டன்” என்றார். அதற்கு மேல் இரண்டு கிலோவா மூன்று கிலோவா என்ற பேச்சுக்குப் போய்விட்டோம்.

நானும் கேட்கிறவளாகத்தான் இருந்தேன். 2021 ஆகஸ்டில் பட்டர்வொர்த்தில் என் தம்பிக்குக் கோவிட் முற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாநிலம் தாண்ட அனுமதி இல்லாத காலம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அவரவர் வீட்டிலிருந்து கவசம் படித்தோம். ஒன்பதாம் நாள் போய்விட்டான். போலீஸ் அனுமதி வாங்கி நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாதுகாப்பு உடை போட்ட ஆட்கள் பைக்குள் வைத்துத் தூக்குவதை, ஒரு மைத்துனன் தூரத்திலிருந்து எடுத்த நாற்பது விநாடி வீடியோவில் பார்த்தேன். தூக்குகிற ஆட்டத்தில் பை அசைந்தது.

அடுத்த நாள் குழுவில் ஒருவர் எழுதினார்: நம் வேண்டுதலில் எங்கோ குறை இருந்திருக்கிறது. நல்ல மனுஷிதான், ஆறுதலாகத்தான் எழுதினார். நான் குழுவிலிருந்து வெளியேறினேன். கவசம் படிப்பதும் நின்றது. தம்பி செத்ததால் நின்றது என்றுதான் வீட்டில் நினைக்கிறார்கள். அந்த ஒரு வரி மட்டும் வராமல் இருந்திருந்தால் பாட்டி மாதிரி நானும் திட்டிக்கொண்டாவது படித்திருப்பேன்.

2023 தைப்பூசத்துக்கு மகள் பால்குடம் எடுக்கிறேன் என்றாள். எதற்கு வேண்டுதல் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோலாலம்பூர் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி. வாட்டர்ஃபால் ரோடு முழுக்க தண்ணீர்ப் பந்தல், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு, எதுவும் எதற்கும் ஒட்டாமல் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். வெள்ளி ரதம் வந்துபோன பாதையில் உடைத்த தேங்காய் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. சீன இளைஞர்கள் சிலர் மண்வாரியால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாட்டி ஏறியது பழைய கோயில். இப்போது அதற்கும் மேலே 2012-இல் திறந்த புதுக்கோயில், 513 படி.

“வரலியாம்மா?” என்றாள் மகள், குடத்தைத் தலையில் சரிசெய்துகொண்டே.

“நீ போயிட்டு வா.”

அவளுடைய செருப்பைக் கழற்றி என்னிடம் தந்தாள். பேப்பர் இல்லை. தாத்தாவின் மரம் எது என்று தேடினேன், எல்லா மரமும் ஒரே மாதிரி இருந்தது. ஏதோ ஒன்றின் அடியில் நின்றேன். பந்தலிலிருந்து ஒரு பையன் மோர் கொண்டுவந்து நீட்டினான். வாங்கக் கை இல்லை. கைக்கொரு செருப்பாகப் பிடித்திருந்தேன். அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கப்பை மரத்தின் வேர்மேல் வைத்துவிட்டுப் போனான்.